ஊரும் பள்ளிக்கூடமும்: தமிழ்நாட்டுக் கிராமத் தொடக்கப்பள்ளியின் வரலாறு

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் பலருக்கு அரசு ஆவணங்களின்படி பிறந்தநாள் மே, ஜூன் மாதங்களில்தான் வரும். அந்த மாதங்களில் பிள்ளைகள் அதிகம் பிறந்தார்கள் என்று பொருளில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த பெற்றோருக்குத் தேதி தெரியாது. "பெரிய புயல் அடித்த வருஷம், தை மாசம்" என்பார்கள். தலைமையாசிரியர் பையனைக் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். விரல் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பியதாகக் கணக்கு. பள்ளி திறக்கும் ஜூனுக்கு ஐந்து ஆண்டு நிரம்பும்படி ஒரு தேதியை அவரே சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். வீட்டில் கூப்பிடும் பெயர் எதுவாக இருந்தாலும் அங்கே எழுதப்பட்டதே பெயர். தலைப்பெழுத்தும் சாதியும் அப்படித்தான். பின்னாளில் வேலை, ஓய்வூதியம், கடவுச்சீட்டு எல்லாம் அந்த ஒரு வரியை நம்பியே நடந்தன.

ஒரு கிராமத்தில் அரசு என்பது கண்ணுக்குத் தெரியும் முதல் இடமாகத் தொடக்கப்பள்ளி இருந்தது. வாக்குச்சாவடி அங்கே அமையும். புயல் வெள்ளக் காலத்தில் ஊர் அங்கே ஒதுங்கும். மருத்துவ முகாமும் மனுநீதி நாளும் அங்கே நடக்கும். கடிதம் படிக்கவும் மனு எழுதவும் வாத்தியாரைத் தேடி வருவார்கள். ஆனால் "ஊர்ப் பள்ளிக்கூடம்" என்னும்போது அந்த "ஊர்" என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்கினார்கள் என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதும் கூடவே வருகிறது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் கட்டப்பட்டது என்பதிலிருந்தே அதன் கதை தொடங்குகிறது.

திண்ணையில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை கிராமத்துப் பிள்ளைகள் படித்தது பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில். ஆசிரியர் வீட்டுத் திண்ணை, ஊர்ப் பெரியவர் ஒருவரின் திண்ணை, சத்திரம், கோயில் மண்டபம், மரத்தடி என்று இடம் எதுவாகவும் இருக்கலாம். பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகும். கை பழகிய பிறகு எழுத்தாணியும் பனையோலையும் வரும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு ஆகியவை பாடம். எல்லாம் மனப்பாடம். பின்னங்களின் வாய்பாடுகளை அந்தப் பிள்ளைகள் ஒப்பித்த வேகத்தைப் பற்றி உ. வே. சாமிநாதையர் போன்றோரின் தன்வரலாறுகளில் படிக்கலாம். அங்கே கிடைத்த பிரம்படியைப் பற்றியும் படிக்கலாம்.

ஆசிரியருக்குச் சம்பளம் என்று ஒன்று நிலையாக இல்லை. பெற்றோர் சில அணா கொடுப்பார்கள். அறுவடையில் நெல் வரும். காய்கறி, எண்ணெய், விறகு வரும். அமாவாசை, பௌர்ணமி ஆகிய வாவு நாட்களில் பிள்ளைகள் ஏதாவது கொண்டுவருவார்கள். நவராத்திரியில் பிள்ளைகள் அலங்கரித்துக்கொண்டு வீடு வீடாகப் பாடிச் சென்று ஆசிரியருக்குச் சன்மானம் திரட்டுவார்கள். ஆக, பள்ளியை நடத்தியது ஊர்; கொடுக்க முடிந்தவர்களின் ஊர். கொடுக்க முடியாதவர் பிள்ளைக்கு இடமில்லை. கொடுக்க முடிந்தாலும் திண்ணையில் ஏற உரிமையில்லாதவர் பிள்ளைக்கும் இடமில்லை.

வகுப்பில் மூத்த மாணவன் ஒருவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவன் பெயர் சட்டாம்பிள்ளை. எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, மணலையும் சட்டாம்பிள்ளையையும் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பலவற்றில் "சென்னை முறை" என்ற பெயரில் அது பரவியது. நம் ஊர்த் திண்ணையிலிருந்து கடல் கடந்து போனது சட்டாம்பிள்ளைதான். அவனுக்கு மேலே உட்கார்ந்திருந்த வாத்தியார் பட்டினியாகவே இருந்தார்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, 1822 ஜூனில், மாகாணம் முழுவதும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கும்படி ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி 12,498 பள்ளிகள் இருந்தன. படித்தவர்கள் 1,88,650 பேர். மக்கள்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். அதாவது 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருந்தார். இந்த ஆவணங்களை 1983இல் நூலாகத் தொகுத்த தரம்பால், ஆங்கிலேயர் வருவதற்கு முன் இங்கே கல்வியே இல்லை என்ற பேச்சை உடைத்தார். தமிழ் பேசும் மாவட்டங்களில் படித்த பிள்ளைகளில் பிராமணரல்லாதாரே பெரும்பான்மை என்பதும் அதில் வெளிப்பட்டது. இதெல்லாம் சரி. ஆனால் அதே கணக்கில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. அவர்களிலும் பலர் கோயில் நடனப் பெண்களின் குடும்பத்தார் என்று சில ஆட்சியர்கள் எழுதினார்கள். மன்றோவின் கணக்கைப் பொற்காலத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

போர்டு ஸ்கூலும் லேபர் ஸ்கூலும்

1850களுக்குப் பிறகு அரசு உதவித்தொகை என்ற புதுச்சரக்கு கிராமத்துக்கு வந்தது. பதிவேடு வைத்து, அச்சிட்ட பாடநூலைப் பயன்படுத்தி, ஆய்வாளரை உள்ளே விட்டால் பணம் கிடைக்கும். 1860களில், தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பணம் என்ற முறை வந்தது. திண்ணை ஆசிரியர் பலர் இப்படித்தான் "உதவி பெறும் பள்ளி"யின் ஆசிரியர் ஆனார்கள். மணலும் ஓலையும் போய்ச் சிலேட்டு வந்தது. வாவு விடுமுறை போய் ஞாயிறு விடுமுறை வந்தது. எண்சுவடியின் பின்ன வாய்பாடுகளும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தன.

உள்ளாட்சி வாரியங்கள் தாமே பள்ளி திறக்கத் தொடங்கியபோது "போர்டு ஸ்கூல்" என்ற பெயர் வந்தது. வாரியங்கள் போய் அரை நூற்றாண்டு ஆன பிறகும் பல ஊர்களில் கிழவர்கள் அந்தப் பெயரை விடவில்லை. 1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. கல்விக்கென வரி போடவும், விரும்பும் பகுதிகளில் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் அது வழிசெய்தது.

பொதுப்பணத்தில் நடந்த பள்ளி பொதுவானதாக இருந்ததா? பல ஊர்களில் அது அக்ரகாரத்திலோ, கோயிலை ஒட்டியோ, ஊர்ச் சாவடியிலோ இருந்தது. ஆதிதிராவிடர் அந்தத் தெருவிலேயே நடக்க முடியாதபோது பள்ளியின் கதவு திறந்திருந்து என்ன பயன்? எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வரக்கூடிய இடத்தில் பொதுப் பள்ளி இருக்கவேண்டும் என்று 1919இல் அரசு ஆணையிட்டது. ஆணை ஒன்று, நடப்பு ஒன்று. சேர்த்துக்கொண்ட இடங்களிலும் பிள்ளையைத் திண்ணைக்குக் கீழே, வாசலுக்கு வெளியே உட்காரவைத்தார்கள். அப்படி ஒரு பிள்ளை சேர்ந்தால் மற்றவர்கள் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வதும் நடந்தது.

எனவே சேரிக்குத் தனிப் பள்ளிகள் தோன்றின. கிறித்தவ சபைகளின் பள்ளிகள் முன்பே இருந்தன. பிரம்மஞான சபையின் ஆல்காட் 1894இல் அடையாறில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1920களில் அரசின் தொழிலாளர் துறை இந்தப் பொறுப்பை ஏற்றுச் சேரிகளிலேயே பள்ளிகளை நிறுவியது. அவற்றுக்கு "லேபர் ஸ்கூல்" என்று பெயர் நிலைத்தது. மதுரைப் பக்கத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டிருந்த பிரமலைக் கள்ளர் ஊர்களில், 1920 ஏப்ரல் பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு விரிந்த கள்ளர் சீரமைப்புத் திட்டம் தனியாகப் பள்ளிகளை நடத்தியது. பெற்றோர் இரவில் காவலரிடம் கைரேகை வைக்கப் போவார்கள். பிள்ளைகள் பகலில் அதே அரசின் பள்ளிக்குப் போவார்கள். இந்த இரு வகைப் பள்ளிகளின் வாரிசுகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயர்களில் நம் காலம்வரை தொடர்ந்து வந்துள்ளன. ஒதுக்கிவைத்ததன் அடையாளம் அவை என்பது உண்மை. அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் ஒரு தலைமுறை முழுதும் எழுத்தறியாமல் போயிருக்கும் என்பதும் உண்மை.

அரைநாள் பள்ளி

1951இல் சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 1953இல் முதலமைச்சர் ராஜாஜி, கிராமத் தொடக்கப்பள்ளிகளுக்குப் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அணியும் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் இருக்கும். மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டே இரு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் வாதம். பணமில்லாத அரசின் கணக்காகப் பார்த்தால் அது புரியக்கூடியதே. ஆனால் திட்டம் நகரத்துக்கு இல்லை, கிராமத்துக்கு மட்டும். பெற்றோர் தொழில் என்பது இந்நாட்டில் சாதித் தொழில். வண்ணார் மகன் மூன்று மணி நேரம் படித்துவிட்டு மீண்டும் துறைக்குப் போவான். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் "குலக்கல்வித் திட்டம்" என்று அழைத்தார்கள். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

ஊர் கொடுத்தது

காமராசர் ஆட்சியின் முதல் வேலை பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி கொடுப்பது. ஐந்நூறு பேர் வாழும் ஊராக இருந்தால் ஒரு பள்ளி. ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி எட்டவேண்டும். கட்டடம் இருக்காது, ஆசிரியர் ஒருவர்தான். ஓராசிரியர் பள்ளியில் ஒரே அறையில் ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்பு சிலேட்டில் எழுதும்போது நான்காம் வகுப்பு வாய்பாடு சொல்லும். வாத்தியார் அம்மையில் படுத்தால் பள்ளியும் படுத்துவிடும். உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு வைப்புநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் 1955இல் கிடைத்தன. நெல்லுக்கும் சன்மானத்துக்கும் காத்திருந்த திண்ணை வாத்தியாரின் பேரன் இனி முதுமையில் யார் வாசலிலும் நிற்கவேண்டியதில்லை. ஊரின் தயவிலிருந்து ஆசிரியர் விடுபட்டது அங்கேதான்.

அதே ஆண்டுகளில் ஊரின் கை வேறு வழியாகப் பள்ளிக்குள் வந்தது. பள்ளிக்கூடம் கட்டினாலும் பசித்த பிள்ளை வராது. மதிய உணவு என்பது முற்றிலும் புதிதன்று. 1920இல் சர். பி. தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அது தொடங்கி, சில ஆண்டுகளில் நின்றுபோயிருந்தது. கிராமங்களுக்கு அது 1956இல் வந்தது. எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்தார். அப்போது அது அரசுத் திட்டமே இல்லை. ஊரார் அரிசி கொடுத்து, விறகு கொடுத்து, யாராவது ஒருவர் சமைத்துப் போடவேண்டும். பல ஊர்களில் பிடியரிசி முறை வந்தது. உலை வைக்குமுன் வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைப்பாள். வாரம் ஒருமுறை பிள்ளைகள் வந்து வாங்கிப்போவார்கள். 1957 நவம்பர் முதல் அரசு மானியம் தந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பத்து நயா பைசா என்று கணக்கிட்டு, ஆறு பைசாவை அரசும் நான்கு பைசாவை ஊரும் ஏற்றன. 1961 முதல் கேர் நிறுவனம் வழியாக அமெரிக்கப் பால்பொடியும் எண்ணெயும் மாவும் வந்தன.

இந்த வேலைகளுக்கெல்லாம் பின்னால் இருந்தவர் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் அருகே நெய்யாடுபாக்கம் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஊரிடம் கேட்டால் கொடுக்கும் என்பதை மதிய உணவில் கண்ட அவர், அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார். 1958 ஜனவரியில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஒவ்வொரு பள்ளியும் தனக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போடும்: கரும்பலகை, மணி, கடிகாரம், பெஞ்சு, குடிநீர்ப் பானை, உணவுத் தட்டு, ஓர் அறை, அரை ஏக்கர் நிலம். அந்தந்த ஊரில் யார் எதைத் தருகிறார் என்று முன்கூட்டியே பேசி முடித்து, மாநாட்டு மேடையில் அதை அறிவிப்பார்கள். பொருள்கள் கல்யாணச் சீர்போல ஊர்வலமாக வரும். ஆறேழு ஆண்டுகளில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் மாநிலம் முழுதும் நடந்தன. 1960 வாக்கில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பதும் இதன் வழியே பரவியது.

இன்றும் பழைய பள்ளிகளின் சுவரில் பதித்த கற்களில் அக்கால நன்கொடையாளர் பெயர்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் நிலக்கிழார்கள், வணிகர்கள், ஆலை முதலாளிகள். பிடியரிசி போட்ட பெண்களுக்குக் கல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இடம் கொடுத்தவர் தன் தெருவுக்குப் பக்கத்தில் கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். எனவே ஊர்ப் பள்ளி மீண்டும் ஊர்ப் பக்கமே அமைந்தது. ஆனால் இம்முறை சீருடை ஒன்று, தட்டு ஒன்று, வரிசை ஒன்று. ஊரும் சேரியும் ஒன்றாக உட்கார்ந்து உண்ட முதல் பந்தி பல கிராமங்களில் பள்ளி வராந்தாவில்தான் நடந்தது. வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் திட்டு வாங்கிக் குளித்த பிள்ளைகளும் உண்டு; மறுநாளும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான் அவர்கள்.

ஊரிடமிருந்து அரசிடம்

1960களின் தொடக்கத்தில் மாவட்ட வாரியங்கள் கலைந்து பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன்களிடம் வந்தன. 1981 ஜூனில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியரானார்கள். 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிடியரிசிக்கு இனி வேலையில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பணியிடங்கள் உண்டாயின. அவற்றில் பெரும்பாலும் பெண்கள் அமர்ந்தார்கள். கணவனை இழந்தோருக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை. 1989இல் முட்டை சேர்ந்தது. செலவு கட்டுப்படியாகாது என்று அன்று பொருளியல் பேசியவர்கள் பலர். பள்ளி வருகையும் பெண்பிள்ளைகளின் படிப்பும் உயர்ந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. 1995இல் மதிய உணவு நாடு முழுமைக்கும் வந்தது.

சமையலர் யார் என்ற கேள்வி மட்டும் அடங்கவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்தில் ஓர் ஊரில், அருந்ததியர் பெண் ஒருவர் சமையலராக வந்ததற்கு ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்துப் பள்ளியையே முடக்கினர். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடம் மாற்றியது. கண்டனம் எழுந்த பிறகே மாற்றல் ரத்தாகி, எதிர்த்தவர்கள் மீது வழக்குப் பதிவானது. அறுபது ஆண்டு ஒரே பந்தியில் உண்டபின்னும் உலைப்பானையைத் தொடும் கை எது என்று பார்க்கிறார்கள். உண்பவர் பக்கத்தில் உட்காரலாம், சமைப்பவர் மட்டும் ஊராராக இருக்கவேண்டும் என்பதே அந்தச் சண்டை. பசிக்கு முன்னால் சாதி கரையும் என்று நம்பியோர் இதை யோசிக்கவேண்டும்.

1990களுக்குப் பிறகு சண்டை வேறு வடிவமும் எடுத்தது. மஞ்சள் நிற வேன்கள் கிராமத்துக்கு வரத் தொடங்கின. ஆங்கில வழி நர்சரிப் பள்ளிக்கு முதலில் போனவர்கள் நிலமும் சம்பளமும் உள்ளவர்களின் பிள்ளைகள்; அதாவது 1958இல் சீர் கொண்டுவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். பல ஊர்களில் இன்று ஊர்ப் பக்கம் உள்ள ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் காலனிப் பிள்ளைகளே பெரும்பான்மையாகப் படிக்கிறார்கள். கதவைத் திறக்க நூறு ஆண்டு ஆனது. திறந்தபோது உள்ளே இருந்தவர்கள் வேறு கதவு வழியாக வெளியேறிவிட்டார்கள். குடும்பங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததும் இதோடு சேர்ந்துகொண்டது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்ற பள்ளிகள் பெருகின.

சில ஊர்கள் இதை எதிர்த்து நிற்கின்றன. கடந்த சில ஆண்டுகளாகப் பல மாவட்டங்களில் "கல்விச் சீர்" என்ற பெயரில் ஊரார் மேளதாளத்தோடு பீரோ, நாற்காலி, மின்விசிறி, எழுதுபொருள் ஆகியவற்றைத் தட்டிலும் தலையிலும் சுமந்து பள்ளிக்குக் கொண்டுவருகிறார்கள். சுந்தரவடிவேலுவின் மாநாட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்தான் பெரும்பாலும். சீர் என்ற சொல் மட்டும் எப்படியோ திரும்பியிருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. வயல் வேலைக்கு விடியலில் கிளம்பும் தாய்மாருக்கு அது என்ன என்பதை அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

பிள்ளையே இல்லாமல் போன பள்ளிகளும் உண்டு. 2019இல் அப்படிப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளை அரசு நூலகங்களாக மாற்றியது. ஒரு பள்ளி மூடப்படும்போது அதன் மேசை நாற்காலிகளோடு சேர்க்கைப் பதிவேடுகளும் பக்கத்துப் பள்ளிக்குப் போகின்றன. ஓய்வூதியத்துக்கோ சாதிச் சான்றிதழுக்கோ பிறந்த தேதி தேவைப்படும் முதியவர்கள் இப்போது அங்கே போய் நிற்கிறார்கள். புதிய தலைமையாசிரியர் தூசி தட்டி, மடிந்து கிழிந்த பக்கங்களைப் புரட்டி, காதைத் தொட்ட கைக்குக் கிடைத்த அந்தத் தேதியைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார்.